வெட்டிக் கொடுத்த தோல்

ஜூன் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்தால் தமிழ் டீச்சர் இரண்டு மதிப்பெண் தருவார். நீ ஒன்றும் தரப்போவதில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் நலம். அப்பா பாதி நலம். அத்தை எங்கள் எல்லோருக்கும் சேர்த்து நலம். மீதி நலம் உன்னிடம்தான் இருக்க வேண்டும். தேடிப் பார்த்து எழுது.

நீ போய் ஐந்து வாரம் ஆகிறது. உன் வார்டில் போன் கூடாதாம். பதினெட்டு வயது ஆகாதவர்கள் உள்ளேயே வரக் கூடாதாம். எனக்குப் பதினைந்தரை. அப்பாவின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு மீசை வரைந்து வரட்டுமா என்று கேட்டேன். "மீசை இருந்தா வயசு வந்துருமா? பூனைக்குந்தான் பொறக்கும்போதே இருக்கு" என்று அத்தை வாயை அடைத்துவிட்டாள். அதனால் கடிதம். கடிதத்தை அங்கே யாரும் பிரிப்பதில்லை, பார்சலைத்தான் பிரிப்பார்கள் என்று அப்பா சொன்னார். எனவே தாராளமாக ரகசியம் எழுதலாம். என்னிடம்தான் ஒன்றும் இல்லை.

உன் கை எப்படி இருக்கிறது? தோல் வெட்டும்போது கத்தி வழுக்கியதற்கு இத்தனை வாரம் ஆஸ்பத்திரியா என்று வகுப்பில் கேட்கிறார்கள். "காயம் சின்னதுதான், ஆளு பெரிய ஆளு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாவைக் கேட்டால், "கை ஆறிடுச்சும்மா, உடம்புதான் அசதி" என்கிறார். பத்தொன்பது வருடம் தோல்பை தைக்கும் பட்டறையில் நின்றுகொண்டே வெட்டினவளுக்கு அசதி வராமல் என்ன வரும்? ஏழு மணி நேரம் ரயிலில் போய்த்தான் ஓய்வெடுக்க வேண்டுமா என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை.

அப்பா சமைக்கிறார். உப்பு வெளிநடப்பு செய்துவிட்டது. காரம் மட்டும் சபையில் உட்கார்ந்திருக்கிறது. அவருடைய மூக்குக்கண்ணாடியைச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போட்டுப் போட்டு முழுக்கக் கீறல். மழையே இல்லாத நாளில் தான் ஓட்டுகிற பஸ்ஸின் வைப்பரைப் போடுகிறாராம். எனக்கு ஒரு சந்தேகம்: பார்ப்பது கண், தாங்குவது காது, பெயர் மட்டும் ஏன் மூக்குக்கு? மூக்கு எங்கேயோ ஆள் பிடித்து வைத்திருக்கிறது.

சீக்கிரம் பதில் போடு. நன்றாகத் தூங்கு. ஆனால் என்னை மறந்து தூங்காதே.

உன் வாலு


ஜூன் 24

என் வாலுக்கு,

கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். கை ஆறிவிட்டது. வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. அத்தையை எதிர்த்துப் பேசாதே.

இங்கே செவ்வாயும் வெள்ளியும் கைத்தொழில் வகுப்பு நடக்கிறது. கூடை, கம்பளி, தோல் என்று மூன்று மேசைகள். என்னைத் தோல் மேசையில் உட்காரவைத்தார்கள். நான் கேட்கவில்லை. அவர்களாகவே வைத்தார்கள்.

மூக்குக்கண்ணாடிக் கூடு தைக்கச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு ஆகும். தோலை வெட்டியே கொடுத்துவிடுகிறார்கள். தையல் ஓட்டையும் போட்டே வருகிறது. எங்களுக்கு ஊசி இரண்டு, நூல் ஒன்று. வகுப்பு முடிந்ததும் ஊசிகளைத் திருப்பித் தர வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை. ஜன்னல் வழியாக ஒரு சுவர் தெரிகிறது.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அம்மா


ஜூலை 2

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே மூவரும் சுகம். அங்கே நீயும் சுவரும் சுகமா?

உனக்கா வெட்டிய தோல்? மீனைக் கூப்பிட்டு நீச்சல் வகுப்பில் சேர்த்து, தண்ணீரை மட்டும் பூட்டி வைத்தார்களா? நீ யார் என்று அவர்களுக்குத் தெரியுமா? பட்டறையில் முதலாளியே உன்னிடம் தோலை நீட்டி, "எங்க வெட்டலாம், நீயே பாத்துச் சொல்லும்மா" என்பாரே, அதைச் சொன்னாயா? நீ சொல்லியிருக்க மாட்டாய். நம் வீட்டில் வாய் முழுவதையும் எனக்கே கொடுத்துவிட்டாய்.

போன வாரம் ஒரு சம்பவம். பார்சல் பெட்டியில் ஒட்டுவார்களே, 'கவனம், உடையும் பொருள், தலைகீழாக வைக்காதீர்' என்று ஒரு சீட்டு, அது என் கைக்குக் கிடைத்தது. கிடைத்த பொருளை வீணாக்கக் கூடாது என்று தலைமையாசிரியரின் நாற்காலி முதுகில் பசை வெளியே இருக்கும்படி வைத்தேன். அவர் சாய்ந்தார். மதியம் வரை அதை முதுகில் சுமந்தபடி வகுப்பு வகுப்பாகச் சுற்றி வந்தார். ஒருவர்கூட அவரைத் தலைகீழாக வைக்கவில்லை. அவ்வளவு ஒழுக்கமான பள்ளி.

அப்பாவை வரச் சொன்னார்கள். எப்போதும் நீதானே வருவாய். வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை திட்டிக்கொண்டே நடப்பாயே. அப்பாவுக்கு அது வரவில்லை. "இனிமே பண்ணாதம்மா" என்றார். அப்புறம் தொப்பியைப் போட்டுக்கொண்டு வண்டி எடுக்கப் போய்விட்டார். எனக்கு என்னவோ போல இருந்தது. திட்டு இன்னும் வந்து சேரவில்லை. தபாலில் அனுப்பவும்.

உன் வாலு


ஜூலை 19

அடங்காத வாலுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ நலமாக இருப்பது தலைமையாசிரியரின் முதுகைப் பார்த்தாலே தெரிகிறது.

பெரிய மனுஷரை நாலு பேர் பார்த்துச் சிரிக்க வைப்பது வீரம் இல்லை. உன் முதுகில் எவளாவது ஒட்டினால் தெரியும். அவரிடம் மன்னிப்புக் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். போய்க் கேள். சிரிக்காமல் கேள். உதட்டை மடித்துக்கொண்டு நிற்பாயே, அதுவும் சிரிப்புதான், எனக்குத் தெரியும்.

இங்கே தருகிற தோலைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எவன் வெட்டினானோ, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் வெட்டியிருக்கிறான். ஒரு துண்டு மாட்டின் முதுகிலிருந்து வந்தது, மறு துண்டு வயிற்றிலிருந்து. வயிற்றுத் தோல் இழுத்தால் இழுத்த பக்கம் வரும். இரண்டையும் சேர்த்துத் தைத்தால் ஆறே மாதத்தில் கூடு வாயைக் கோணிக்கொள்ளும். ஒரு பக்கம் இருபத்தாறு ஓட்டை, மறு பக்கம் இருபத்தைந்து. கைத்தொழில் அம்மாவிடம் காட்டினேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்கிறார்.

எல்லாவற்றையும்விட ஓரம்தான் வயிற்றெரிச்சல். சேருகிற இடத்தில் இரண்டு தோலையும் சரிவாகச் சீவி மெல்லிதாக்க வேண்டாமா? சீவாமல் தைத்தால் அடி வாங்கின உதடு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கிறது. என் சீவுக்கத்தி மட்டும் கையில் இருந்தால் அரை மணி நேர வேலை.

என் மேசையில் ஒருத்தி இருக்கிறாள். சின்னப் பெண், உன்னைவிட ஆறேழு வயது கூட இருக்கும். கம்பளி மேசையிலிருந்து மாறி வந்தவள் என்பதால் கம்பளிக்காரி என்றே கூப்பிடுகிறோம். இரண்டு ஊசியும் ஒரே ஓட்டையில் எதிரெதிராகப் போய் வர வேண்டும் என்று அவளுக்குக் காட்டினேன். பேசுவதே இல்லை. குளிரில் நடுங்கிக்கொண்டே தைக்கிறாள்.

மலை ஊர் என்பதால் தரை பனிக்கட்டி போல இருக்கிறது. வீட்டில் அடி தடித்த என் செருப்பு இருக்கும். அனுப்பச் சொல்.

இன்னொன்று. இப்படியே போனால் ஆகஸ்ட் கடைசியில் ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அது சரியாக இருந்தால் ஒரேயடியாக வந்துவிடலாமாம். நாட்காட்டியைக் கிழித்துக்கொண்டு உட்காராதே.

அம்மா


ஜூலை 28

என் அருமை அம்மாவுக்கு,

இங்கே நலம் தலைக்கேறிவிட்டது. உன் கடிதத்தை அப்பா மூன்று தடவை படித்தார். 'சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல்' என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். "அவ குத்தம் கண்டுபிடிக்க ஆரம்பிச்சுட்டா. இனிமே பயமில்ல" என்று அத்தையிடம் சொன்னார். எதற்குப் பயம் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, நீ படி" என்றார்கள் இருவரும் சேர்ந்திசையாக.

தலைமையாசிரியரிடம் மன்னிப்புக் கேட்டேன். உதட்டை மடிக்கவில்லை. கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டேன்.

இப்போது ரகசியம். கதவைச் சாத்திவிட்டுப் படி.

செருப்பு பார்சலில் வருகிறது. பிரித்துப் பார்ப்பவர்கள் செருப்பைத்தான் பார்ப்பார்கள். இடது செருப்பின் அடியில் இருப்பதைப் பார்க்க மாட்டார்கள். உன் சீவுக்கத்தி அம்மா! நம் பரணில், அப்பாவின் பழைய மழைப் பூட்ஸுக்குள், நாலு சுற்று பேப்பரில் கிடந்தது. அப்பாவுக்கு எதை எங்கே வைப்பது என்றே தெரியாது என்பது தெரிந்த விஷயம்தானே.

எப்படி வைத்தேன் என்று கேள், உன் மகள் என்று ஒத்துக்கொள்வாய். அடித்தோலின் தையலைக் குதிகால் பக்கமாகப் பிரித்தேன். கத்தியின் பிடியில் சுற்றியிருந்த தோலை அவிழ்த்தால் வெறும் தகடுதான், என் உள்ளங்கை நீளம். உன் காலைக் கிழித்துவிடக் கூடாது என்று முனைக்கு ஒரு தோல் உறை போட்டேன். நடு அட்டையில் அதன் அளவுக்குக் குழி எடுத்துப் படுக்கவைத்தேன். அப்புறம் பழைய ஓட்டைகள் வழியாகவே, இரண்டு ஊசி, ஒரு நூல். ஒரு புது ஓட்டைகூடப் போடவில்லை! மூன்று நாள் மாலை முழுக்க வேலை. விரலில் நாலு குத்து. அத்தை கேட்டபோது வீட்டுப்பாடம் என்று சொன்னேன். கணக்குப் பாடம் இவ்வளவு கூர்மையா என்று யோசித்திருப்பாள்.

யாரும் பார்க்காதபோது ஓரத்தைச் சீவு. அந்த உதட்டு வீக்கத்தைச் சரிசெய். வேலை முடிந்ததும் திரும்பச் செருப்புக்குள் போட்டு, ஆகஸ்ட் கடைசியில் நீ அதிலேயே நடந்து வீட்டுக்கு வா. கைத்தொழில் அம்மாவின் முகத்தை எனக்காக ஒருமுறை பார்த்துக்கொள்.

உன் சாமர்த்திய வாலு


ஆகஸ்ட் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ? நிஜமாகவே கேட்கிறேன்.

பதினேழு நாளாகக் கடிதம் இல்லை. தபால்காரர் நம் தெருவில் நுழைந்ததும் நான் வாசலுக்குப் போய்விடுகிறேன். "உங்க வீட்டுக்கு இன்னைக்கும் காத்துதாம்மா வருது" என்கிறார். அவர் என்னைவிடச் சுமாராகத்தான் ஜோக் அடிப்பார். இருந்தாலும் சிரித்து வைத்தேன்.

செருப்பு வந்ததா? கோபமா? அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்தால் அதையாவது திட்டி எழுது. ஓரம் சீவினாயா? நீ சீவுகிற மாதிரி கனவுகூட வந்தது. தோல் சுருள் சுருளாக விழுந்தது, அதைப் பார்த்துக் கம்பளிக்காரி பேசினாள். என்ன பேசினாள் என்பது எழுந்ததும் மறந்துவிட்டது.

இங்கே பெரிய ஏற்பாடுகள். அப்பா உங்கள் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார். சுவரில் பாதியும் அவர் தலையில் பாதியும். இன்னும் இரண்டு வாரம்தானே. நான் நாட்காட்டியைக் கிழிக்கவில்லை. மடித்து வைத்திருக்கிறேன்.

ஒரு வரி போதும் அம்மா.

வாலு


ஆகஸ்ட் 21

வாலுக்கு,

நலம். செருப்பு வந்தது. இப்போது அது என்னிடம் இல்லை. வேறு அனுப்ப வேண்டாம்.

மாதக் கடைசியில் வருவதாக இருந்தது நின்றுவிட்டது. அக்டோபருக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். என்னை வேறு வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். கைத்தொழில் வகுப்பு எனக்கு இப்போது இல்லை. இந்த வார்டில் பேனா தருவதில்லை, அதனால் பென்சில்.

உன் மேல் எந்தத் தப்பும் இல்லை. இதை யாரிடமும் பேச வேண்டியதில்லை. படிப்பைப் பார்.

அம்மா


ஆகஸ்ட் 30

அம்மாவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எல்லோரும் உடம்பால் நன்றாக இருக்கிறோம்.

அப்பா உன்னைப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை வந்தார். நேற்று மத்தியானம் என்னைப் பணிமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய பஸ் வெயிலில் காலியாக நின்றது. அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார், நான் பின்னால் முதல் சீட்டில். அவர் திரும்பவே இல்லை. பஸ்ஸின் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தச் செருப்ப டாக்டரம்மா எனக்குக் காட்டுனாங்க."

நான் அவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கம்மா என்ன சொல்லியிருக்கா தெரியுமா? வீட்ல இருக்கும்போதே நாந்தான் ஒளிச்சு வச்சேன், அதுக்காகத்தான் செருப்பே கேட்டேன்னு சொல்லியிருக்கா. பிளான் பண்ணிக் கேட்டிருக்காங்கன்னு அவங்க எழுதி வச்சுட்டாங்க. அதான் வார்டு மாத்துனது."

"அப்பா…"

"அடியில பச்சை நூலு. நம்ம வீட்ல பச்சை நூலு உன் ஸ்கூல் பை வார்ல மட்டுந்தான் இருக்கு."

"அவ ஓரத்தச் சீவணும்னு எழுதியிருந்தாப்பா. அதுக்குத்தான். சத்தியமா அதுக்கு மட்டுந்தான்."

"தெரியும்டா." ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், வண்டி ஓடுகிற மாதிரி. "கத்தி வழுக்கலம்மா அன்னைக்கு. நாங்க உங்கிட்ட அப்படிச் சொன்னோம். உங்கம்மாவும் சரின்னுட்டா. நான் பரண்ல போட்டது மறந்துபோய் இல்ல. தூக்கி எறிய மனசு வரல. பத்தொம்பது வருஷம் அவ கையில இருந்த சாமான்."

"டாக்டர்கிட்ட நீங்க சொன்னீங்களா, நாந்தான்னு?"

"எப்படிச் சொல்றது? சொன்னா உன்னக் காட்டிக் கொடுக்கணும். சொல்லலன்னா அவளக் காட்டிக் கொடுக்கணும். பஸ் ஓட்டுறவனுக்கு ரெண்டு பக்கமும் ரோடு தெரியணும். எனக்கு ஒரு பக்கமும் தெரியல."

அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது பாதிப் பொய். அன்றைக்கு அத்தை தரையைத் துடைத்துக்கொண்டே அழுததைப் பார்த்தேன். வழுக்கின கத்திக்கு யாரும் அப்படி அழ மாட்டார்கள். தெரிந்துவிட்டால் பேச வேண்டிவரும் என்று ஜோக் அடித்துக்கொண்டே இருந்தேன். அந்த ஜோக்கை எல்லாம் நீ படித்துக்கொண்டிருந்தாய்.

டாக்டரம்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அதன் நகலை உனக்கும் வைக்கிறேன். நான் எழுதியது உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

உன் மகள்


ஆகஸ்ட் 30 (நகல்)

மதிப்புக்குரிய டாக்டரம்மாவுக்கு,

வணக்கம். நான் உங்கள் வார்டில் இருக்கும் தோல் வெட்டும் அம்மாவின் மகள். செருப்பில் கத்தியை வைத்தது நான். அம்மாவுக்குத் தரைக்குளிர் தாங்கவில்லை, அதனால்தான் செருப்புக் கேட்டாள். கத்தி கேட்கவே இல்லை. நான் வைத்ததை ஜூலை 28-ஆம் தேதிக் கடிதத்தில் அம்மாவுக்கு எழுதினேன். அம்மா அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். நம்பவில்லை என்றால் மிச்சம் இருக்கும் பச்சை நூலை இத்துடன் வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள்.

அம்மாவின் காயம் எப்படி வந்தது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வைத்திருக்க மாட்டேன். தண்டனை எதுவாக இருந்தாலும் எனக்குக் கொடுங்கள். அம்மாவுக்கு அவள் வார்டையும் வகுப்பையும் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி


செப்டம்பர் 22

என் கண்ணுக்கு,

உடம்பு பரவாயில்லை. இதை மூன்று நாளாக எழுதுகிறேன். பென்சில் கேட்டால் தருகிறார்கள், தீட்டுவதற்கு அவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

கத்தி வழுக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் என் கையில் அது ஒரு தடவைகூட வழுக்கியதில்லை. வழுக்கியது என்று நீங்கள் எல்லோரும் சொன்னபோது தலையாட்டினேன். உனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன். என் வேலையையே பொய்யாக்கிவிட்டேனே என்று உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. எதற்கு வருத்தப்படுகிறேன் பார்.

ஏன் என்று கேட்பாய். பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒருநாள் காலையில் எழுந்தபோது எல்லாம் கனத்தது. மறுநாளும் கனத்தது. அது எட்டு மாதம் நின்றது. நீ சிரிக்க வைத்தபோதெல்லாம் சிரித்தேன். அது நடிப்பு இல்லை. சிரித்து முடித்ததும் கனம் அங்கேயே இருந்தது. அதற்கு உன் ஜோக் காரணம் இல்லை, உன் ஜோக் போதாததும் காரணம் இல்லை.

உன் கடிதம் முதலில் வந்தது. மறுநாள் செருப்பு. நீ தைத்ததைப் பார்த்தேன். நல்ல தையல். குதிகால் வளைவில் மட்டும் நூலை இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம். ஒன்பது நாள் அதன்மேல் நடந்தேன். எடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. காலடியில் இருக்கிறது என்ற நினைப்போடு சாப்பிடப் போனேன், வகுப்புக்குப் போனேன். ஓரம் சீவ வேண்டும் என்ற நினைப்பு ஒருதடவைகூட வரவில்லை. அதை உன்னிடம் மறைக்கக் கூடாது.

பத்தாம் நாள், உன் முகம் நினைவுக்கு வந்தது, அதனால் கொடுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மேசையில் கம்பளிக்காரி திடீரென்று வாயைத் திறந்தாள். "அக்கா, கால் விறைக்குது. உங்க செருப்பக் கொஞ்ச நேரம் குடுங்களேன்" என்றாள். அவள் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை. யோசிக்காமல் கழற்றிக் கொடுத்துவிட்டேன். அவள் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் நடந்தாள். இடது காலை வைக்கும்போது ஒருமுறை நின்று, குனிந்து பார்த்தாள்.

அவள் எதற்காக இங்கே வந்தாள் என்று எனக்குத் தெரியும்.

நான் ஓடினேன். நாற்காலி விழுந்தது. அவள் காலிலிருந்து பிடுங்கினேன், பயந்து அழுதுவிட்டாள். நேராகக் கைத்தொழில் அம்மாவின் மேசையில், ஊசிகளைத் திருப்பி வைக்கிற தட்டில் செருப்பை வைத்தேன். எனக்கென்று இருந்தவரை அதைக் கொடுக்கத் தோன்றவில்லை. அவளுக்கு என்றதும் ஒரு நொடிகூடத் தாங்கவில்லை.

யார் வைத்தது என்று கேட்டார்கள். உன்னை எப்படிச் சொல்வேன்?

டாக்டரம்மா உன் கடிதத்தை என்னிடம் படிக்கக் கொடுத்தார். நூலையும் காட்டினார். "உங்க பொண்ணு சாட்சியோட எழுதியிருக்கா" என்றார். அவரிடம் இப்போது வாரத்துக்கு மூன்று நாள் பேசுகிறேன். பழைய வார்டுக்கு எப்போது என்று சொல்லவில்லை. வீட்டுக்கு எப்போது என்றும் சொல்லவில்லை. அதையெல்லாம் உன் கணக்கில் எழுதிக்கொள்ளாதே. பொய் சொன்னது நான்.

அம்மா


அக்டோபர் 6

அம்மாவுக்கு,

காய்ச்சல் வந்து போய்விட்டது, இப்போது நலம். அத்தைக்கும் அப்பாவுக்கும் ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை நான் மட்டும் முதலில் படித்தேன். அப்புறம் அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டேன். வாளி நிரம்பி வழிந்ததற்கு அத்தை திட்டவே இல்லை. இப்போது யாருமே என்னைத் திட்டுவதில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் நானும் வழுக்கியது என்று சொல்கிற ஆளாகிவிடுவேன். நான் பள்ளியில் கோடை வகுப்பு முடிந்து வரும் நேரம் அது. அத்தை முந்தியிருக்காவிட்டால் கதவை நான்தான் திறந்திருப்பேன். அதை நினைத்தாயா? நினைக்கவில்லை என்றால் கோபம். நினைத்தாய் என்றால் அதைவிடக் கோபம். கோபம் இருக்கும்போதே நீ சாப்பிட்டாயா என்றும் தோன்றுகிறது. இரண்டும் ஒரே ஓட்டையில் எதிரெதிராகப் போய் வருகின்றன.

அத்தை வீட்டை ஒழுங்குபடுத்துகிறாள். கத்தி, கத்தரிக்கோல், அப்பாவின் பிளேடு, துணி காயப்போடுகிற கயிறு எல்லாம் தகரப் பெட்டிக்குள் போய்விட்டன. சாவி அவள் இடுப்பில். காயைக்கூட நறுக்கினதாகப் பார்த்து வாங்கி வருகிறாள். நேற்று நகவெட்டியைத் தேடினேன். "உள்ள வச்சாச்சு" என்றாள். "அத்தை, நகம் வளந்தா புலியாயிருவேன்" என்றேன். அவள் சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டாள். அதற்குமேல் ஜோக் வரவில்லை.

கம்பளிக்காரி எப்படி இருக்கிறாள்?

உன் மகள்


நவம்பர் 3

என் வாலுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுத வேண்டாம், எப்படி இருக்கிறாயோ அப்படி எழுது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சில நாள் எழுந்திருக்கிறேன். சில நாள் எழுப்புகிறார்கள். போன வாரத்தில் ஐந்து நாள் நானே எழுந்தேன்.

உன் கோபம் வந்து சேர்ந்தது. வைத்துக்கொள், நியாயமான கோபம். நீ கேட்டதற்குப் பதில்: அன்றைக்கு நான் யாரையும் நினைக்கவில்லை. உன்னையும் இல்லை. என்னையும் இல்லை. அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கம்பளிக்காரி இருக்கிறாள். நான் இல்லாதபோது என் கண்ணாடிக் கூட்டை அவளே எடுத்துத் தைத்து முடித்துவிட்டாளாம். மிஞ்சிய ஓட்டையில் நூலை இரண்டு தரம் ஓட்டி அமுக்கியிருக்கிறாள். ஓரம் புடைத்துக்கொண்டுதான் நிற்கிறது. பட்டறையில் இருந்தால் பிரிக்கச் சொல்லியிருப்பேன். டாக்டரம்மா வழியாகக் கொடுத்தனுப்பியிருந்தாள், வாங்கி வைத்துக்கொண்டேன்.

பதினேழாம் தேதி அப்பாவோடு அனுப்புகிறார்கள். ஒரு வாரம். அதற்கப்புறம் இங்கே திரும்ப வர வேண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒரே வாரத்தில் சரியாகி நிற்பேன் என்று வாசலில் காத்திருக்காதே.

தகரப் பெட்டி விஷயம். அத்தை அக்கறையில் செய்கிறாள், அவளைக் குறை சொல்லாதே. டாக்டரம்மாவிடமும் பேசினேன். பிளேடும் கயிறும் உள்ளேயே இருக்கட்டும். பட்டறைக்கு நான் போகப்போவது எப்போது என்று தெரியாது, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். ஆனால் சமையல் கத்தி ஒன்று மட்டும் வெளியே இருக்கட்டும். வெட்டித் தந்ததை வாங்கியே இருந்தால் நான் எந்த வீட்டில் இருக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் போய்விடும். நான் நறுக்கும்போது யாராவது பக்கத்தில் உட்காருங்கள். என் கையையே பார்க்க வேண்டாம். சும்மா எதையாவது பேசிக்கொண்டிருங்கள்.

சில நாள் என்னால் முடியாது. அன்றைக்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னைக்கு நீ நறுக்கு" என்று சொல்வேன். அப்போது ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொள். அவ்வளவுதான் உன்னிடம் கேட்கிறேன்.

அம்மா


நவம்பர் 9

அம்மாவுக்கு,

எப்படி இருக்கிறோமோ அப்படியே எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவுக்கும்தான், ஆனால் அவர் அதைச் சுண்ணாம்பாக அடித்துக்கொண்டிருக்கிறார். அறைக்கு இது மூன்றாவது பூச்சு.

உன் கடிதத்தை அத்தைக்கு நானே படித்துக் காட்டினேன். மாலையில் பெட்டியைத் திறந்து சமையல் கத்தியை எடுத்து மேசையில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப உள்ளே வைத்தாள். மறுநாள் காலையில் அது மேசையில் இருந்தது. காயை முழுசாக வாங்கி வந்திருந்தாள்.

அன்றிலிருந்து நான்தான் நறுக்குகிறேன். ஒன்று விரல் கனம், ஒன்று நூல் கனம். "இதென்ன, ஒரே சட்டியில தாத்தாவும் பேரனுமா?" என்றார் அப்பா. வேகாததையும் குழைந்ததையும் ஒரே வாயில் சாப்பிட்டார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பழகுகிறாள். அவளுக்குப் பேச விஷயமே கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய குடையைப் பற்றி இருபது நிமிடம் பேசினாள். நீ வந்தால் அந்தக் குடையைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்வாய்.

நீ சொன்னபடி ஏன் என்று கேட்க மாட்டேன். முதல் நாளே 'நீ நறுக்கு' என்று சொன்னாலும் கேட்க மாட்டேன். ஏழு நாளும் சொன்னாலும் கேட்க மாட்டேன். நீ சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

உன் வாலு